உனக்குச் சமைத்ததைத் தீவில் சாப்பிட்டோம்

லா பாஸ், இலோஇலோ
9 மே 1993

அன்புள்ள ரோமி,

நலம்தானே? இடுப்பு வலிக்கு நான் கொடுத்தனுப்பிய தைலம் இந்நேரம் தீர்ந்திருக்கும். அடுத்த துறைமுகத்தில் எதையாவது வாங்கித் தேய்த்துக்கொள். எஞ்சின் அறைச் சூட்டிலிருந்து நேராக மேல்தளத்துக் காற்றுக்குப் போகாதே. உன் செல்ல மகள் ஜோசலின் விடுமுறைக்கு என் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே தின்று தூங்கிக் கன்னம் உப்பியிருப்பதாகக் கேள்வி.

உன் அக்கா பெலன் உனக்கு எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். சென்ற வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் ஹிகாந்தெஸ் தீவுக்குப் போய்வந்தேன்.

உன் தந்தி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. "வரவில்லை. ஆறு மாதம் நீட்டிப்பு. கடிதம் பிறகு." மறுநாள் நீ வருவாய் என்று விடியற்காலையிலேயே அடுப்பு பற்றவைத்திருந்தேன். ரொசெந்தா, துல்சே, நெனிங் மூவரும் கை கொடுக்க வந்திருந்தார்கள். பன்றிக்கறி அடோபோ கொதித்துக்கொண்டிருந்தது, பன்சித் நூடுல்ஸ் பாதி கிளறியாயிற்று, முட்டைப் புட்டிங் ஆவியில் இருந்தது. புதுத் திரைச்சீலைகூடப் போட்டுவிட்டேன். தந்தியை ரொசெந்தாதான் வாங்கி உரக்கப் படித்தாள். நெனிங் அடுப்பை அணைத்தாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து துல்சே, "சரி, இவ்வளவு கறியையும் யாருடி திங்கறது?" என்று கேட்டாள்.

"நாய்க்குப் போடுங்க."

"நாய்க்கா? காலையிலேருந்து பூண்டு உரிச்சிருக்கேன். இந்த நாத்தம் போக ஒரு வாரம் ஆகும். அதை நாய் திங்கணுமா?" என்று நெனிங் சண்டைக்கு வந்தாள்.

ரொசெந்தா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "எழுந்திருடி. இப்ப பஸ் பிடிச்சா எஸ்தான்சியாவுல என் தம்பி படகு கிடைக்கும்."

"எங்கே போறதுக்கு?"

"தீவுக்கு. சட்டியோட."

"பைத்தியமா உனக்கு? மாத்துத் துணிகூட இல்ல."

"துணி எதுக்கு? அங்க உன்னைப் பாக்க யார் வரப்போறா? வர வேண்டிய ஆளே வரல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ரோமி. அழுதுகொண்டே சிரித்தேன். பிஸ்கட் ஃபேக்டரியில் நாங்கள் நாலு பேரும் ஒரே மேசையில் பொட்டலம் கட்டிய நாளிலிருந்து ரொசெந்தா இப்படித்தான். யோசிக்க விடமாட்டாள்.

பஸ்ஸில் ஆளுக்கொரு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் துல்சே அவனுக்கு வாழையிலையில் ஒரு துண்டு கறி வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மேட்டிலும் பள்ளத்திலும் சட்டி தளும்பாமல் பஸ் எவ்வளவு மெதுவாகப் போனது தெரியுமா!

தீவில் மணலில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். ரொசெந்தாவின் தம்பி வீட்டார் விசிறிச் சிப்பிகளை வேகவைத்துக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அங்கே அதற்கு மதிப்பே இல்லை, தின்றுவிட்டுச் சிப்பி ஓடுகளை வழியில் போட்டு மிதித்து நடக்கிறார்கள். வீட்டில் கட்டியிருந்த உடையோடேயே கடலில் இறங்கினேன். கடலோடியின் மனைவி கழுத்தளவு கடலில் நின்று எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அடிமணல் தெரிந்தது. நெனிங் நீந்தத் தெரியாமல் என் தோளைப் பிடித்துத் தொங்கினாள்.

அன்று அவர்கள் மட்டும் என்னைத் தரையிலிருந்து எழுப்பியிருக்காவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

விருந்து நன்றாக அமைந்தது. நீ வந்திருந்தால் உனக்கும் பிடித்திருக்கும்.

அன்புடன்,
எஸ்டெர்


சாந்தோஸ் துறைமுகம்
12 ஜூன் 1993

எஸ்டெருக்கு,

உன் கடிதமும் பெலன் அக்காவின் கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. அக்காவினுடையதை முதலில் பிரித்தேன். அது என் தவறு.

நான் யாருக்காக நீட்டித்தேன்? ஜோசலின் கல்லூரிக்குப் போக வேண்டும். வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும். இங்கே எண்ணெய்ப் புகையில் நின்று இருமிக்கொண்டிருக்கிறேன், அங்கே என் மனைவி எனக்குச் சமைத்ததைத் தூக்கிக்கொண்டுபோய் எவனோ ஒரு படகுக்காரனுக்கு விருந்து வைக்கிறாள். ஊரே சிரிப்பதாக அக்கா எழுதியிருக்கிறாள். யார் அந்த ரொசெந்தாவின் தம்பி? நீ ஈர உடையோடு நின்றபோது அவன் எங்கே இருந்தான்?

போகக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

உன் கடிதத்தைப் படித்த அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. கப்பல் சமையல்காரன் உடம்பு சரியில்லையா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஜோசலினுக்கு என் அன்பு.

ரொமுலோ


லா பாஸ்
4 ஜூலை 1993

அன்புள்ள ரோமி,

ரொமுலோ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தப் பெயரைக் தேவாலயக் கல்யாணப் பதிவேட்டில் கடைசியாகப் பார்த்தது. யாரோ வேற்று மனிதர் எழுதியதாக நினைத்து உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

ரொசெந்தாவின் தம்பி பெயர் எட்ரிங். முன்பல் இரண்டும் கிடையாது. நான் கடலில் நின்றபோது அவன் தன் ஐந்து பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். போதுமா?

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்கிறாய். யாரிடம்? நடுக்கடலிலா? மாடி வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டது உன் அக்கா.

இப்போது போன தடவை எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

திரும்பி வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. எட்ரிங் கயிற்றை இழுத்து இழுத்து ஓய்ந்தான். அலை பக்கவாட்டில் அடித்து உள்ளே தண்ணீர் ஏறியது. கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அதுவும் விலகிக்கொண்டே போனது. துல்சே ஜெபமாலையை எடுத்து, பயத்தில் பாதி ஜெபத்தை மறந்து, ஆமென் மட்டும் சத்தமாகச் சொன்னாள். நாங்கள் பால் டின்களால் தண்ணீர் இறைத்தோம்.

நெனிங் உனக்குத் தெரியுமே, புருஷனை இழந்தவள். இறைத்துக்கொண்டே திடீரென்று என்னைப் பார்த்து, "என் ஆளு செத்துப்போனதால வரல. உன் ஆளு உசிரோட இருந்தும் வரல. நம்ம ரெண்டு பேர்ல யாருக்குடி கஷ்டம் ஜாஸ்தி?" என்றாள்.

சாகப் போகிறோம் என்று நினைத்தேன். அதனால்தான் அதைச் சொன்னேனோ என்னவோ. "தந்தி வந்தப்ப முதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு."

ஆமாம், ரோமி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அப்பாடா என்று இருந்தது நீ வேண்டாம் என்பதால் அல்ல. நீ வந்தால் என் நாள் முழுக்க மாறுகிறது. உன் செருமல், உன் ரேடியோ, உன் பக்கத்தில் தூங்குவது எல்லாம் பழகி வரும்போது பெட்டி கட்டுகிறாய். நீ வாசலில் இறங்கும்போதே நான் மனதுக்குள் உன்னை வழியனுப்ப ஆரம்பித்துவிடுகிறேன். அந்த ஒரு தடவை வழியனுப்பும் வேதனை மிச்சம் என்று தோன்றியது.

சொல்லிவிட்டு டின்னைக் கீழே போட்டு அழுதேன். யாரும் என்னைக் கெட்டவளாகப் பார்க்கவில்லை. துல்சே ஜெபத்தை விட்டுவிட்டு என் முதுகைத் தடவினாள். ரொசெந்தா டின்னை எடுத்து மறுபடியும் என் கையில் திணித்து, "அழுதுகிட்டே தண்ணி இறைடி. ரெண்டையும் சேர்த்துச் செய்யலாம்" என்றாள்.

செய்தேன். சாயங்காலம் ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தது. அன்று நான் சொன்னது அந்த மூன்று பேர் வாயிலிருந்து இன்றுவரை வெளியே வரவில்லை. ஊர் சிரிப்பது சட்டியைப் பார்த்துத்தான்.

இப்போது உன்னிடமும் சொல்லிவிட்டேன். நீ ஏன் நீட்டித்தாய்? மாடி என்று மட்டும் மறுபடியும் எழுதாதே.

எஸ்டெர்


டர்பன் துறைமுகம்
15 ஆகஸ்ட் 1993

என் எஸ்டெர்,

உன் கடிதம் இரண்டு துறைமுகம் தாண்டி இங்கே வந்து என்னைப் பிடித்தது. படித்ததும் முதலில் அந்தப் படகைத்தான் நினைத்தேன். எஞ்சின்காரன் பெண்டாட்டி எஞ்சின் நின்ற படகில் பால் டின்னோடு உட்கார்ந்திருந்தாள். நான் உலகத்தின் மறுபக்கத்தில் வேறு எவனோ ஒருவனின் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். எட்ரிங்கிடம் எரிபொருள் வடிகட்டியைப் பார்க்கச் சொல். மண் அடைத்திருக்கும்.

மாடி என்று எழுதமாட்டேன்.

போன விடுமுறையில் ஒருநாள் நீ சந்தைக்குப் போயிருந்தாய். நான் காப்பி போடப் போனேன். சர்க்கரை எங்கே என்று தெரியவில்லை. அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தேன். ஜோசலின் ஓடிவந்து, "என்ன வேணும்பா? நான் எடுத்துத் தரேன், நீங்க போய் உக்காருங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தட்டில் வைத்துக் காப்பி கொண்டுவந்தாள். நல்ல கோப்பையில். பாதிரியார் வந்தால் எடுக்கும் கோப்பையில்.

கேப்டன் நீட்டிக்கிறாயா என்று கேட்டபோது அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது, எஸ்டெர். பிறகு அறைக்குப் போய் உங்கள் போட்டோ பக்கம் திரும்பாமல் படுத்தேன். இதைச் சொல்ல எனக்கு ரொசெந்தா மாதிரி ஒருத்தர் இங்கே இல்லை.

கேப்டனிடம் பேசிவிட்டேன். யோகோஹாமாவில் மாற்று ஆள் ஏறுவான், நான் இறங்குகிறேன். செப்டம்பர் கடைசியில் வீடு. கம்பெனிக்குக் கோபம்தான். கொஞ்ச நாள் கூப்பிடமாட்டார்கள்.

விருந்து எதுவும் சமைக்காதே. இருக்கிற சோற்றைப் போடு. என்னை உட்காரவும் சொல்லாதே.

உன் சிநேகிதிகள் மூவருக்கும் நான் நன்றி சொன்னதாகச் சொல். அன்று உன் பக்கத்தில் யாராவது இருந்தே ஆக வேண்டிய நாள். நான் இல்லை. அவர்கள் இருந்தார்கள்.

உன்,
ரோமி


லா பாஸ்
24 அக்டோபர் 1993

என் எஸ்டெர்,

எஞ்சின் சாமான் வாங்க எட்ரிங் ஊருக்குள் வந்திருக்கிறான். சாயங்காலமே தீவுக்குத் திரும்புகிறானாம். அவன் கையில் இந்தக் கடிதமும் உன் மாற்றுத் துணியும் கொடுத்தனுப்புகிறேன். அவன் கழற்றிக் கொண்டுவந்த வடிகட்டியை நானே கழுவிக் கொடுத்தேன். அவன் நல்ல மனிதன். உண்மையிலேயே பல் இல்லை.

நேற்றுக் காலை ரொசெந்தா வாசலில் நின்று, "எழுந்திருடி, கடல் கண்ணாடி மாதிரி இருக்காம்" என்று கத்தியபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். ஒரு விநாடிதான். நான் போ என்றேன். மனதாரச் சொன்னேனா என்று வழியெல்லாம் யோசித்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். மனதாரத்தான் சொன்னேன். பஸ் கிளம்பிய பிறகு வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மதியம் மீன் குழம்பு வைத்தேன். அடிப்பிடித்தது. ஜோசலின் சட்டியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, அடுப்பைக் குறைச்சு வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இதை யார் தேய்க்கறது, நீங்கதானே?" என்று ஒரு பிடி பிடித்தாள். அப்படியே உன் குரல். சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்தேன். தேய்க்கும்போது விசிலடித்தேனாம், அதற்கும் திட்டு.

பெலன் அக்கா வந்தாள். சமையலறையை எட்டிப் பார்த்து, "என்னடா இது, உன்னை விட்டுட்டுப் போயிட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. வீட்டை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கா" என்றேன்.

அவளுக்கு அது விளங்கவில்லை. குழம்பு கொடுத்தேன், கரிந்த வாசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தான். ஜனவரியில் ஒரு கப்பல் இருக்கிறதாம். சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. என் மனைவி தீவில் இருக்கிறாள், அவள் வந்த பிறகு இரண்டு பேருமாக யோசித்துச் சொல்கிறோம் என்றேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

அவசரப்படாதே. கடல் நன்றாக இருந்தால் இன்னும் ஒருநாள் இருந்துவிட்டு வா. நெனிங்குக்கு நீந்தக் கற்றுக்கொடு. துல்சேயிடம் ஜெபத்தை முழுசாகப் படிக்கச் சொல்.

கடலுக்குப் போனவருக்கு வீட்டிலிருந்து எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒரு வரி எழுதினால் ஒரு தடவை வாசலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருடமும் இப்படித்தான் எனக்கு எழுதினாய் போலிருக்கிறது. நன்றி, எஸ்டெர்.

எட்ரிங் கிளம்பவேண்டும் என்று செருப்பைப் போட்டுவிட்டான். முடிக்கிறேன்.

வீட்டிலிருந்து,
ரோமி