கூடத்துக் காட்சிக்கு முன்னால் நிறுத்திய படம்

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அன்று, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் கிளம்பாமல் உன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் மகள் மும்தாஜ். அவள் புருஷன் அன்வர், வழக்கம்போலக் கையில் செல்போனோடு. அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த உன் தம்பி காதர். கடைசி மாதங்களில் உன்னைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த செல்வி. அப்புறம் நான். கதவைச் சாத்தியது நான்தான். யாரும் போகக் கூடாது என்று சொன்னதும் நான்தான்.

இன்று காலை மும்தாஜ் உன் டிவிடி பெட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். பிளக்கைச் சொருகினேன். கொஞ்சம் சூடேறியதும் அதிலிருந்து வருமே ஒரு வாசனை, ரப்பர் கருகினதும் தூசியும் கலந்து, அது வந்தது. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரியே இருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாமல்லபுரத்தில் நீ சமைத்துப்போட்ட பிரெஞ்சுக்கார மேடம் ஊரைக் காலி செய்தபோது உனக்குக் கொடுத்தது அந்தப் பெட்டி. கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க். எல்லாம் அவர்கள் நாட்டு டிவியில் வந்த துப்பறியும் தொடர். நீ அதைச் சதுரங்கப்பட்டினத்துக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். நான் கேட்டேன், "இன்னாடி இது, ஒரு எழவும் புரியாதே?"

"எனக்குப் புரியும்டி. அந்தம்மா கிச்சன்ல இத்தினி வருசம் சும்மாவா இருந்தேன்?"

உனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் அடுப்படி பிரெஞ்சு. கத்தி, வெந்நீர், உப்பு, தொடாதே, யார் வந்தது, எப்போது போனார்கள், எவ்வளவு போட்டாய். அது போதும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கொலைக்கு வேண்டியது முழுக்க அடுப்படியில்தான் இருக்கிறது. சூப்பில் விஷம் வைக்கிறார்கள், கறி வெட்டுகிற கத்தி காணாமல் போகிறது, காப்பியை யார் கொண்டுபோனது என்று போலீஸ்காரர் கேட்கிறார். நீ அதைச் சொல்வாய். மீதியை நான் பார்த்துக்கொள்வேன். எனக்கு மூன்றாங்கிளாஸ் படிப்பு, ஆனால் மூஞ்சியைப் படிக்க எனக்கு எவரும் கற்றுத்தர வேண்டாம். மாமியார் வீட்டில் முப்பது பேர் நடுவில் பிழைத்தவள். எவள் பொய் அழுகை அழுகிறாள், எவன் செத்தவனைப் பார்த்து மனசுக்குள் சிரிக்கிறான் என்று நான் சொல்வேன். நீ காது, நான் கண்.

அவர்கள் பெயர் நம் வாயில் நுழையவில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்தோம். தொப்பியைக் கழற்றாத இன்ஸ்பெக்டர் உனக்கு 'நைனா'. மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பணக்காரக் கிழவி வந்தால் நான் 'படாளத்தா' என்பேன், படாளம் ஊரிலிருந்து வந்த என் ஓரகத்தியை நினைத்து. என் கல்யாணத்தில் எனக்கு இலையில் குழம்பு ஊற்றாமல் தாண்டிப் போனவள். "இன்னும் அத்த வுடலியாடி நீ?" என்று நீ சிரிப்பாய். விடவில்லை. எதையும் விட்டதில்லை.

நம் வழக்கம் ஒன்று உண்டே. கடைசியில் நைனா எல்லாரையும் ஒரே கூடத்தில் கூட்டி உட்கார வைப்பார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் டிஸ்க்கை நிறுத்திவிடுவோம். ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் மத்தியானம் ஆளுக்கொரு பெயர் சொல்லிவிட்டுத்தான் மீதியைப் பார்ப்போம். தோற்றவள் மீன் ஆய வேண்டும். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி முடிவைப் பார்க்கக் கூடாது. நான் என் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கியபோதுகூட நீ காத்திருந்தாய். அந்தப் பெட்டியின் மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருந்ததாகச் சொன்னாய், இல்லாவிட்டால் கண் அதன் மேலேயே போகுமாம்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன்னை வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அப்போது அட்டைப்பெட்டியில் கடைசி டிஸ்க்தான் மீதி. கடல் பக்கத்துப் பெரிய பங்களா, மாடிப்படியில் விழுந்து செத்த கிழவர், டாக்டராக இருக்கிற அவர் தம்பி, ஒரு பாட்டுக்காரி, இன்னும் சில சொந்தக்காரர்கள். உனக்கு மூச்சு வாங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தோம். கூடத்துக் காட்சி வந்தது. நிறுத்தினேன்.

"டாக்டரு தம்பிதான்டி," என்றாய் நீ மறுநாள்.

"இல்ல. அந்தப் பாட்டுக்காரி. அவ கண்ண பாத்தியா?"

"போடீ, நீ சும்மா கண்ணு கண்ணுன்னுகினு. சரி, போடு பாக்கலாம்."

நான் போடவில்லை. கரண்ட் இழுக்கிறது என்றேன். அடுத்த நாள் என் கண் எரிகிறது என்றேன். ஏன் என்று உனக்குச் சொல்லவில்லை. முன்னொரு நாள் நீயே சொல்லியிருந்தாய், "கொலகாரன் யாருன்னு தெரியாம நான் எங்கயும் போவ மாட்டேன்டி." நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அது தெரியாத வரைக்கும் நீ இருப்பாய் என்று, பைத்தியக்காரி, நம்பினேன். தினமும் வந்து, நாளைக்கு, நாளைக்கு என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீ கேட்டாய் என்று கஞ்சி எடுத்துவர என் வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். முகம் தெளிந்திருந்தது.

"நாளைக்குப் பாக்கலாம், இன்னா?" என்றேன்.

"வாணாம்டி. எனக்குத் தெரிஞ்சிபோச்சு. டாக்டரு தம்பிதான். மீனு நீதான் ஆயணும்."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் நீ போய்விட்டாய்.

யார் சொன்னது? நாற்பது நாளும் எனக்கு இதே கேள்விதான். அதனால்தான் கதவைச் சாத்தினேன். கூடத்தில் நடுவில் நின்றுகொண்டு கேட்டேன், "அந்தப் படத்தோட முடிவ இவளுக்கு யாரு சொன்னது?"

எனக்குச் சந்தேகம் அன்வர் மேல். கிரிக்கெட் பார்க்க உட்காருகிறவனிடம் யார் ஜெயித்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிற வாய் அது.

"எங்க அம்மா மேல ஆணையா நான் சொல்லல ஆன்ட்டி," என்றான். "எனக்கு அது இன்னா படம்னே தெரியாது."

"எனக்கு இந்தி சீரியல் பாக்கவே டைம் இல்ல பாட்டிம்மா," என்றாள் செல்வி.

காதர் எழுந்துவிட்டான். "இன்னா அக்கா இது, போலீஸ் ஸ்டேஷனா? எனக்குக் கடைசி பஸ்ஸு."

"குந்துடா," என்றேன். குந்தினான்.

மூஞ்சி ஒவ்வொன்றையும் பார்த்தேன். மும்தாஜ் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அதை நம்ப முடியவில்லை. உன் மகள், நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

"நான்தான் பெரிம்மா," என்றாள். "அது ஏதோ பழைய நாவலாம், உலகத்துக்கே முடிவு தெரியுமாம். போன்ல தேடி எடுத்துச் சொன்னேன். அம்மாதான் கேட்டாங்க."

"பொய் சொல்லாத. அவ கேக்க மாட்டா."

"கேட்டாங்க பெரிம்மா. நீ கஞ்சி எடுக்கப் போனப்போ. 'அவ காட்ட மாட்டா. நான் போயிடுவேன்னு இழுத்துகினே கீறா. என்னால முடியலம்மா, வலிக்குது. அவ வர்றதுக்குள்ள சொல்லிடு'ன்னாங்க."

மும்தாஜ் அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். அப்புறம் படித்துப் பார்த்தாளாம். பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாவலைத் தங்கள் ஊருக்கு மாற்றி எடுத்தபோது முடிவையும் மாற்றிவிட்டார்களாம். புத்தகத்தில் டாக்டர் தம்பி. படத்தில் வேறு ஆள். "யாருன்னு சொல்லட்டுமா பெரிம்மா?" என்றாள். அவள் வாயை என் கையால் பொத்தினேன்.

நீ கொண்டுபோனது தப்பான பெயர். ஜெயித்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டு போனாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததால் அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஒருவேளை பாட்டுக்காரிதானோ என்னவோ. ஒருவேளை மீனை நீதான் ஆய்ந்திருக்க வேண்டுமோ என்னவோ. இனிமேல் அந்த டிஸ்க்கைப் போட்டாலும் எனக்கு வெறும் இரைச்சல்தான். காது உன்னோடு போய்விட்டது. சந்தையில் எவளாவது பொய்யாக அழுதால் இன்னும் எனக்குத் தெரிந்துவிடுகிறது, உடனே உன் பக்கம் திரும்புகிறேன். அந்தத் திரும்பல் ஒன்றுதான் மிச்சம்.

மும்தாஜை அங்கேயே கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. அன்வர் மேல் சந்தேகப்பட்டதற்கு அவனுக்கு இறால் வறுத்துக் கொடுத்தனுப்பினேன். சிரிப்பாய், சிரி: உன் நாற்பதாம் நாள் முடிந்து வந்த ராத்திரி படாளத்தாளைக்கூட விட்டுவிட்டேன். குழம்பு போனால் போகட்டும்.

ஆனால் நான் எதற்காக நாளைக்கு, நாளைக்கு என்றேன் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என்னிடம் கேட்கவில்லை. வலிக்குதுடி, போடுடி என்று என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே போட்டிருப்பேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்திருப்பேன். நான் தாங்க மாட்டேன் என்று என்னைக் கஞ்சி எடுக்க அனுப்பிவிட்டு, நான் இல்லாத நேரத்தில் முடிவைத் தெரிந்துகொண்டாயே. உலகத்தில் எல்லாரையும் மன்னித்தாலும் உன்னொருத்தியை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

கைருன்னிசா.