மூன்றாம் பாகம் ராஜேஸ்வரியிடம் இருந்தது

பொன்னேரியில் ஏறி வருபவளே, என் செல்ல மைமூனே,

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இப்போதுதான் வழி தெரிந்ததா என்று உங்கம்மா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீ கொடுத்தார்கள். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உன் காமாலைக் காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார்கள். அப்புறம்தான் அதைச் சொன்னார்கள்.

"கடைசி வரைக்கும் உன்னையேதாம்மா சொல்லிக்கினு இருந்தா. ஏதோ ஒரு புக்க பாதி படிச்சிட்டு ரயிலுல சொன்னாளாம். அத்தக் கேட்டு நீ வேலைய உட்டுட்டியாம். ‘சரோஜா பொழப்பையும் கெடுத்தேன், அவ பொண்ணையும் கெடுத்தேன்’னு ஜொரத்துல கூட அதே பேச்சு. இன்னா புக்கும்மா அது?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. அடி பைத்தியக்காரி, இத்தனை வருஷம் இதையா சுமந்துகொண்டிருந்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நேரில் கேட்க வழியில்லாமல் போய்விட்டதால் இதை எழுதுகிறேன். பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன், அச்சில் வந்தால் ஊரெல்லாம் படிக்கும். படிக்கட்டும், நல்லதுதான்.

படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டுமே என்று உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்கிறேன். உனக்குத்தான் பொறுமை கிடையாது. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

நாம் நாலு பேர். கவரைப்பேட்டையில் நானும் ராஜேஸ்வரியும் ஏறுவோம். நான் பாரிமுனையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட், அவள் டெலிபோன் ஆபரேட்டர். பொன்னேரியில் நீ, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. மீஞ்சூரில் ஸ்டெல்லா, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. லேடீஸ் பெட்டியில் மற்றவர்கள் பூக் கட்டினார்கள், கீரை ஆய்ந்தார்கள். நாம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிய இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்தோம். கதைப் புத்தகம் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவள் நீ. "கதைக்கு நம்ம ஊடே போதும்டி" என்றாய். அதனால் சரித்திரம், அரசியல், மனோதத்துவம் என்று பேராசிரியர்கள் எழுதிய தடிப் புத்தகங்கள். வெளிநாட்டில் அச்சாகிக் கொஞ்ச நாள்கூட ஆகாதவை எப்படியோ அந்தக் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிடும். நீ பேரம் பேசும்போது நாங்கள் மூன்று பேரும் தெரியாதவர்கள் மாதிரி தள்ளி நிற்போம்.

ஒரு புத்தகத்தை நாலு பேர் எப்படிப் படிப்பது? ஒருத்தி முடிக்கும் வரை மற்றவர்கள் காத்திருந்தால் பேரன் பேத்தி எடுத்துவிடுவோம். நீதான் பிளேடை எடுத்தாய். நடு முதுகைக் கீறி நாலாகப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் தாளில் அட்டை போட்டு ஆளுக்கொன்று கொடுத்தாய். ஸ்டெல்லா, "ஐயோ பாவம், புக்கை வெட்டலாமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நீ அசரவில்லை.

"எங்க கல்யாணத்துல நாலு பேரு ஒரே சஹன் தட்டுல கைய வெச்சுத் துண்றோம். சோத்த அப்பிடித் துண்ணலாம், புக்க துண்ணக்கூடாதா?"

முதல் பாகம் எனக்கு, இரண்டாவது உனக்கு, மூன்றாவது ராஜேஸ்வரிக்கு. கடைசிப் பாகம் எப்போதும் ஸ்டெல்லாவுக்கு. அதில் பாதிக்கு மேல் அடிக்குறிப்பாக இருக்கும், அவளும் குறை சொல்ல மாட்டாள். வரிசைப்படி ஒருத்தி தன் பாகத்தைச் சொல்லி முடித்த பிறகு அடுத்தவள் ஆரம்பிப்பாள். கடற்கரை வியாபாரத்தைப் பற்றிய ஒரு சரித்திரப் புத்தகத்தில் பழவேற்காட்டுக்கு இரண்டே வரி கொடுத்திருக்கிறான் என்று நீ எண்ணூர் வரை கத்தியது ஞாபகம் இருக்கிறதா? ஜனங்கள் ஏன் ஓட்டை மாற்றிப் போடுகிறார்கள் என்ற புத்தகத்துக்கு ராஜேஸ்வரியும் ஸ்டெல்லாவும் போட்ட சண்டையில் நாம் இறங்க வேண்டியதையே மறந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் யாருக்கும் மருமகளாகவோ யாருடைய டிக்டேஷனுக்கும் எழுதுபவளாகவோ இல்லாமல் இருந்தேன். இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். குழந்தைகளின் மனம் பற்றியது. என் பாகத்தில் குழந்தை எப்படிச் சிரிக்கிறது, எப்படி முகம் பார்க்கிறது என்பதுதான். சொல்லிவிட்டேன். அடுத்தது உன் முறை.

உன் பாகத்தில் பேசாத குழந்தை வந்தது. வயது ஏறியும் வாய் திறக்காத குழந்தை. தாயிடம் அன்பு குறைந்தால், தாய் பக்கத்தில் இல்லாமல் போனால், அந்தக் குழந்தை தனக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொள்கிறது என்று நீ கையை ஆட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாய். உனக்குச் சொல்லத் தெரியும் மைமூன், அதுதான் தொல்லை. ஸ்டெல்லா அழுதாள். பூக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாகூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

என் பெண் வசந்திக்கு அப்போது நாலு வயது முடிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. இது உங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "அவ கொஞ்சம் அமைதி" என்று சொல்லி வைத்திருந்தேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் பாகத்தை அடுத்து ராஜேஸ்வரி சொல்லியிருக்க வேண்டும். அவளோ தங்கையின் பிரசவத்துக்கென்று லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூர் போய்விட்டாள். பாகம் அவள் பையிலேயே போய்விட்டது. குழந்தை பிறந்து, தங்கைக்கு உடம்பு தேறாமல், அவள் லீவை நீட்டிக்கொண்டே போனாள். நான் வேலையை விட்டேன்.

கடைசி நாள் ரயிலில் ஏன் என்று நீ துளைத்தாய். "நீ சொன்னியே அந்தக் கொழந்த, அது எங்க ஊட்டுலதான் இருக்கு" என்றேன். அவ்வளவுதான். உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, இறங்கிப் போய்விட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து அவளிடம் பேசினேன் பேசினேன், அப்படிப் பேசினேன். காலையில் எழுந்ததிலிருந்து தொண்டை கட்டும் வரை. அரிசி, பருப்பு, காக்கா, ரயில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். அவள் ஸ்பூனை வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள். என் மாமியாருக்குத் திருப்தி. "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்பார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மதியம் நீ வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சேலையெல்லாம் வியர்வை. ராஜேஸ்வரியின் தங்கை வீட்டைத் தேடி, மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயில் மாறி, விலாசம் தெரியாமல் செவ்வாப்பேட்டையிலேயே தப்பாக இறங்கி, பிறகு திருவள்ளூர் போய் அந்த மூன்றாம் பாகத்தை வாங்கி, திரும்பும் ரயிலில் முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தாய்.

"அந்த ஆளு மத்தவன் சொன்னதையெல்லாம் நூறு பக்கம் மரியாதையா எழுதிட்டு, இங்க வந்து அத்தினியும் தப்புன்றான்டி! இன்னா ஜென்மம் இவன்! முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு இவனுக்கு?"

நான் தண்ணீர் கொடுத்தேன். நீ குடிக்கவில்லை.

"காத பாத்தியாடி? மொதல்ல காதப் பாக்கணும்னு எழுதிக்கிறான். பாக்காம எந்தத் தாயையும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம். டாக்டரு காதப் பாத்தாரா?"

பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், காதைப் பார்க்கவில்லை. நீ சமையல்கட்டுக்குள் போய் ஒரு தட்டை எடுத்து வந்து, வசந்திக்குப் பின்னால் நின்று கரண்டியால் ஓங்கி அடித்தாய். என் மாமியார் பதறி எழுந்தார். தெருவில் நாய் குரைத்தது. வசந்தி ஸ்பூனை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நீ அவளை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு அழுத அழுகையை என் மாமியார் இன்னும் சொல்வார். மறுவாரமே மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வந்தாய். ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை, இன்னொன்றில் கொஞ்சம் இருந்தது. காது மிஷின் போட்டார்கள், நெஞ்சில் தொங்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். முதல் முதலாக அதைப் போட்டபோது யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பழைய ஆபீஸில் என் நாற்காலியில் வேறொரு பெண்ணை வைத்துவிட்டார்கள். அது உண்மை. மறைப்பானேன்? கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு பேக்டரி ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. நீங்கள் தெற்கே போகும் ரயிலில், நான் வடக்கே போகும் ரயிலில். ராஜேஸ்வரி என் பாகத்தைக் கொண்டுவந்து கொடுப்பாள், நான் படித்து அவளிடம் சொல்வேன், அவள் ரயிலில் உங்களுக்குச் சொல்வாள். அப்போதுதான் ஒன்று சொன்னாள். நீ இரண்டாம் பாகத்தை வேண்டாமென்று சொல்லி ஸ்டெல்லாவின் கடைசிப் பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாயாம். "அடிக்குறிப்புல யாரும் அழ மாட்டாங்க" என்றாயாம். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். உன் குறும்பு என்று நினைத்தோம். உங்கம்மா பேசிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்படிச் சொல்லத் தெரிந்தவள், சொல்வதையே விட்டுவிட்டாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ அந்தப் பாகத்தைப் பிரிப்பதற்கு வெகுநாள் முன்பே எனக்கு அந்தத் தீர்ப்பு வந்தாகிவிட்டது. வேலைக்குப் போகிறவள் பெற்ற பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்று என் மாமியார் சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். உன் புத்தகம் அதையே இங்கிலீஷில் சொன்னது. ஊர் வாய் சொன்னால் பொறாமை என்று தள்ளலாம், பேராசிரியர் சொன்னால் எங்கே தள்ளுவது? அதனால்தான் ஒடிந்துபோனேன். உன்னால் இல்லை.

பழி போட ஊரே இருந்தது மைமூன். போட்ட பழியை எடுக்க ரயில் மாறிப் போனவள் நீ ஒருத்திதான். அதை விட்டுவிட்டு நீ எதை நினைத்துக்கொண்டு போயிருக்கிறாய்? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இங்கே சேதி என்று பார்த்தால், எமர்ஜென்சி முடிந்ததிலிருந்து அரசியல் புத்தகங்கள் கொட்டுகின்றன. ராஜேஸ்வரிக்குப் பிளேடு பிடிக்கக் கை வரவில்லை, கோணல்மாணலாக வெட்டுகிறாள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ஜனங்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பற்றியே ஒரு புத்தகம். படிப்பு என்பது ஒருவர் தனியாக, சத்தமில்லாமல் செய்வது என்று ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். அவரைக் கூட்டிவந்து நம் பெட்டியில் ஏற்ற வேண்டும் என்று ஸ்டெல்லா சொல்கிறாள். உன் இடத்தில் இப்போது ஒரு மீன்காரம்மா உட்கார்ந்து வருகிறாராம். நடுநடுவே, "அப்பறம் இன்னா ஆச்சு?" என்று கேட்கிறாராம்.

வசந்தி ஸ்கூலில் முதல் பெஞ்சில் உட்காருகிறாள். அவள் பேச்சு புதிதாகக் கேட்பவர்களுக்கு உடனே பிடிபடாது, இரண்டு தடவை கேட்க வேண்டும். அவள் சளைக்க மாட்டாள், மூன்று தடவையும் சொல்வாள். நான் திட்ட ஆரம்பித்தால் மட்டும் நெஞ்சில் இருக்கும் பட்டனை அணைத்துவிட்டுச் சாதுவாக என் முகத்தையே பார்க்கிறாள். இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் பழவேற்காட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உங்கம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நான் சும்மா இருப்பேன். இதைச் சொல், அதைச் சொல் என்று ஒன்றும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போக மாட்டேன். அவள் வாய் திறந்து எதையாவது பேசினால் போதும்.

கவரைப்பேட்டையிலிருந்து,
உன் கூடப்பிறக்காத அக்கா,
சரோஜா