யாரும் பிடிக்காத பாவு

அன்பு மகள் கலைவாணிக்கு அப்பா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்லபடி இருக்கிறோம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலாம், ஆனால் டாக்டர் நடக்கச் சொன்னால் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டு நாளைக்கு என்கிறாள், நீ சொன்னால்தான் கேட்பாள். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் காகிதம்.

எதிர்வீட்டு வீரபத்திரன் சித்தப்பா தெருவை விட்டே போய்விட்டார். போன மாதம் அவர் வாசலில் ஆட்டோவில் சேலைக் கட்டு வந்து இறங்கியது. அதை யாரோ படம் பிடித்து நீயும் இருக்கிற நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, விசைத்தறிச் சேலையை வாங்கிக் கைத்தறி என்று விற்கிறார், தெருப் பெயரே கெடுகிறது என்று எழுதிவிட்டார்கள். ஒருவர் கட்டைவிரல் போட்டார், அடுத்தவர் போட்டார், நானும் போட்டேன். அவரையே ஒரு வார்த்தை கேட்கலாமே என்று தோன்றத்தான் செய்தது. எல்லாரும் போடும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் என்ன நினைப்பார்களோ என்று பயம். இந்த வயதில் எனக்கு என்ன பயமோ, வெட்கக்கேடு.

அடுத்த வாரம் விடியற்காலையில் அவர் தறியில் ஏற்றும் நூலிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பாவு நீட்டினார். உனக்குத் தெரியாததா, யார் பாவு விரித்தாலும் கூப்பிடாமலே நாலு வீட்டார் இறங்கி வந்து பிடிப்பதுதானே நம் தெரு வழக்கம். அன்றைக்கு அவரும் கலாவதி சித்தியும் மட்டும் ஆளுக்கொரு முனையில் நின்றார்கள். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுத் திருஞானசம்பந்தத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் இறங்கினால் நானும் இறங்கலாம் என்று. கதவு திறக்கவில்லை. நடுவில் தாங்க ஆளில்லாமல் பாவு தொய்ந்து இழை இழையாக அறுந்தது. சித்தி தெருவில் உட்கார்ந்து இழைகளை முடிந்துகொண்டே அழுதாள். அப்போதும் நான் போகவில்லை.

அந்தச் சேலைகள் திருப்புட்குழியில் அவர் மச்சான் தன் கைத்தறியில் நெய்தவை என்று பிறகுதான் தெரிந்தது. ஏன்பா அன்னைக்கு நீ வரலைன்னு திருஞானசம்பந்தத்தைக் கேட்டேன், உன் வீட்டுக் கதவத்தான்பா பாத்துக்கினு இருந்தேன் என்கிறான்.

தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிய அன்று மன்னிப்பு கேட்கப் போய் நின்றேன். அவரேதான், நீங்க ஒருத்தர் இறங்கியிருந்தா போதும்ணா, தெருவே இறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். நாம் செய்தது தப்பு என்று நேற்று குரூப்பில் எழுதினேன். இதுவரை ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

காமாட்சி அம்மன் உங்கள் மூவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், பேத்திக்கு என் முத்தம். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்கு என் பெயருக்குக் கீழே உன் கட்டைவிரலும் இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற உனக்கு என்ன தெரியும், அப்பா போட்டாரே என்று போட்டிருப்பாய். சித்தப்பா மகள் சங்கரி உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், அவளும் அதைப் பார்த்திருப்பாள். அவளிடம் பேசு. அப்பா சொன்னாரே என்று மட்டும் பேசாதே, உனக்கே மனம் வந்தால் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா
கலியாணசுந்தரம்
பிள்ளையார்பாளையம்