முதல் ட்ரிப்பில் இறங்காத சக்கரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஹெலிகாப்டரின் இடது சக்கரம் மக்கர் செய்தது. காலை முதல் ட்ரிப். பின்னால் எண்ணெய் மேடைக்கு வேலைக்குப் போகும் ஆட்கள், பாதிப் பேர் தூக்கத்தில். கடலுக்கு நடுவே மேடை தெரிந்ததும் சக்கரம் இறக்கும் லீவரைக் கீழே தள்ளினேன். மூன்று பச்சை விளக்கும் எரிய வேண்டும். மூக்குச் சக்கரத்துக்கு எரிந்தது, வலதுக்கு எரிந்தது. இடது இருட்டு. விலகிப் பறந்து, லீவரை மேலே ஏற்றி மறுபடி இறக்கினேன். இல்லை. இன்னொரு முறை. அப்புறம்தான் மனசு வந்து எரிந்தது.

பக்கத்து சீட்டில் வாத்தியாரம்மா. என்னைவிட ரொம்பச் சின்னவள், ஹெலிகாப்டரைக் கிளப்பும் முன் சரிபார்ப்பதையெல்லாம் வகுப்பெடுப்பது போல உரக்கப் படிப்பாள், அதனால் அந்தப் பெயர். "சார், போன மாசமும் இதே கதைதானே? எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். கொடுத்தேன்.

மச்சான் படித்துவிட்டுச் சிரித்தார். என் மனைவியின் அண்ணன், எங்கள் பட்டறைக்குத் தலைமை எஞ்சினியர். "வேற எந்த பைலட்டுக்கும் வராதது உனக்கு மட்டும் எப்படி மாப்பிள்ளை வருது?"

மார்ச் 5

ஹெலிகாப்டரை ஜாக்கில் தூக்கி நிறுத்தி, மத்தியானம் முழுக்கச் சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு தடவைகூட அடம்பிடிக்கவில்லை.

"லீவர நீ முழுசா இறக்குறதில்ல, பாதியில விட்டுடுற" என்றார் மச்சான். மெக்கானிக்குகள் எல்லோரும் நிற்க, அவர்கள் முன்னால்.

முழுசாகத்தான் இறக்கினேன். இறக்கினேனா? இறக்கினேன்.

மார்ச் 7

மேலாளர் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்." வாய் நிறையச் சிரிப்பு. டாக்டரைப் பார்த்து, பறக்கத் தகுதி உண்டு என்று எழுதி வாங்கி வரவேண்டுமாம். அதுவரை பட்டறை ஓரத்தில் ஒரு மேசை. முதல் ட்ரிப் வாத்தியாரம்மாவுக்கு.

அந்த ஹெலிகாப்டர் நாளையும் பறக்கும். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் தலைக்குள் என்ன கோளாறு என்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை.

மார்ச் 10

டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "தூக்கமெல்லாம் எப்படி? வீட்ல ஏதாவது பிரச்சினையா?" மச்சான்தான் பிரச்சினை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். தகுதியில்லை என்று ஒரு வரி எழுதினால் லைசென்ஸ் போச்சு. பறப்பதைத் தவிர வேறு என்ன தெரியும் எனக்கு? மகள் ஸ்கூல் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவாள்?

மார்ச் 11

குளியலறைக் கண்ணாடி முன் நின்று, லீவரை இறக்குவது போலக் கையைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கதவருகே நின்று பார்த்துவிட்டாள். துண்டைக் கம்பியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். என்ன என்று கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 13, வியாழன்

கண்ணெதிரே இருந்திருக்கிறது. இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது!

ஓரத்து மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வேறொரு ஹெலிகாப்டரை ஜாக்கில் ஏற்றப் போனார்கள். ஏற்றும் முன் என்ன செய்தார்கள்? சக்கரக் காலைத் துணியால் துடைத்தார்கள். காலை மேலே பிடித்து வைக்கும் கொக்கியில் புதுக் கிரீஸ் பூசினார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அவசரமாகப் பெருக்கித் துடைப்போமே, அப்படி. மச்சானின் பட்டறையில் அழுக்குக் காலை ஜாக்கில் ஏற்றுவது மரியாதைக் குறைவு. என்னுடையதையும் அன்று அப்படித்தான் துடைத்திருப்பார்கள்.

கடல் உப்பு போக, தினமும் சாயங்காலம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். அதில் கொக்கியின் கிரீஸும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. ஈரமும் மிச்ச உப்பும் விடியும்வரை உள்ளே ஊறுகின்றன. கிரீஸ் தீர்ந்துவிட்டால், மறுநாள் முதல் முறை கால் மேலே போனதும் கொக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு தடவை விட்டுவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவு இல்லை. அதனால்தான் அடுத்த ட்ரிப் போகிறவர்களுக்கு வருவதில்லை. போன வாரம் பூசிய கிரீஸ் மிச்சம் இருப்பதால் வாத்தியாரம்மாவுக்கும் இன்னும் வரவில்லை. மகள் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று முதல் ட்ரிப்பைக் கேட்டு வாங்கியவன் நான். மத்தவங்களுக்கு வராதது எனக்கு மட்டும் ஏன் வருதுன்னு இப்ப தெரியுதா!

ஓடிப்போய்ச் சொன்னேன். "துடைக்காம ஒரு தடவ ஜாக்கில ஏத்திப் பாருங்க மச்சான். காலைல, பறக்குறதுக்கு முன்னாடி."

"அழுக்கோடவா? என் பட்டறையில அது நடக்காது." பிறகு தாழ்ந்த குரலில், "டாக்டர் என்ன சொன்னார்?" என்றார். என்ன செய்வது நான்? யார் காலில் விழுவது?

மார்ச் 14

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். அவள் போனை எடுத்தாள். "அண்ணா, எனக்கு ரெண்டு பேரும் வேணும். ஒரே ஒரு நாள் முதல் ட்ரிப்புல நீயே ஏறிப் போய்ப் பாரு. அப்புறம் இவரப் பத்தி என்ன வேணா பேசு." திங்கட்கிழமை போவதாக ஒப்புக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

வயர்லெஸ்ஸில் முதலில் வந்தது வாத்தியாரம்மாவின் குரல். இடது சக்கரம் இறங்கவில்லை, மேடையில் இறங்காமல் திரும்புகிறோம். ஏற்றி இறக்கிப் பார்த்தாயிற்று. அவசரத்துக்கு வைத்திருக்கும் வாயு பாட்டிலைத் திறந்து, அந்த அழுத்தத்தில் தள்ளியும் பார்த்தாயிற்று. அசையவில்லை. அப்புறம் மச்சான் பேசினார். "மாப்பிள்ளை இருக்கானா? ரெண்டு பைலட்டுக்கும் பின்னாலயே உக்காந்து பாத்தேன்டா. லீவர் அடிவரைக்கும் கீழதான் இருக்கு." இதைக் கேட்க எத்தனை நாள் ஏங்கினேன்! என் பேச்சு சரி என்று நிரூபிக்கவா அத்தனை உயிர் மேலே தொங்க வேண்டும்?

மேலாளர் ஹெலிகாப்டருக்கு அடியில் போட மெத்தைகளைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். வேண்டாம் என்று நானும் கத்தினேன். கீழே வீசும் காற்றில் மெத்தை கிளம்பி விசிறியில் மாட்டினால் எல்லாம் முடிந்தது. மணல் மூட்டைகளை அடுக்கி, மேலே பழைய டயர்களை வைத்து, வலையைப் போர்த்தி இழுத்துக் கட்டினோம். ஹெலிகாப்டரின் இடது பக்க வயிறு உட்காருகிற உயரத்துக்கு. நாங்கள் கட்டி முடிக்கும்வரை அவள் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்தாள். பிறகு தரையை ஒட்டி அந்தரத்தில் நிறுத்தி, ஆட்களை ஒவ்வொருவராக இறக்கினாள். ஒரு ஆள் இறங்கினதும் எடை மாறி ஹெலிகாப்டர் ஆடும். அது நிதானத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த ஆள்.

கடைசியாக இறங்கினார் மச்சான். இறங்கியவர் எங்கள் பக்கம் வரவில்லை. குனிந்து ஹெலிகாப்டருக்கு அடியில் போகப் பார்த்தார். கொக்கியைக் கையால் தட்டி விடப் போகிறாராம். தலைக்கு மேல் அவ்வளவு எடை, காற்று ஒரு தள்ளு தள்ளினால் நசுங்கிப் போவார். பறக்கிற ஹெலிகாப்டரில் மின்சாரம் வேறு சேர்ந்திருக்கும், வெறும் கையால் தொட்டால் தூக்கி அடிக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறினார்.

"விடுடா! என் தப்புடா இது!"

"செத்துத்தான் அத சொல்லணுமா? உங்க தங்கச்சிகிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

இரண்டு பைலட்டுகள் மட்டும் மேலே. முதல் முயற்சியில் ஒரு மூட்டை நழுவி ஹெலிகாப்டர் இடது பக்கம் சாய்ந்தது. அவசரப்படாமல் தூக்கிக்கொண்டாள். நாங்கள் ஓடிப்போய் மூட்டையைச் சரிசெய்து, வலையை மறுபடி இறுக்கிவிட்டு விலகினோம். இரண்டாவது முறை எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக டயர்கள் மேல் விட்டாள். நின்றது. ஆனாலும் இரண்டு எஞ்சின்களையும் உடனே அணைக்கவில்லை. சாயவில்லை என்று உறுதியான பிறகு ஒன்று, பிறகு மற்றது. விசிறி முழுக்க நிற்கும்வரை இருவரும் சீட்டைவிட்டு எழவில்லை, நாங்களும் கிட்டே போகவில்லை. அது நிற்பதற்குள் எனக்கு ஒரு ஜென்மம் கழிந்தது.

மார்ச் 18

"நான்தானே அண்ணன ஏறச் சொன்னேன், நான்தானே ஏறச் சொன்னேன்" என்று மனைவி சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 20

அதே ஹெலிகாப்டரை, அதே அழுக்கோடு ஜாக்கில் ஏற்றினார்கள். துணியோடு வந்த மெக்கானிக்கை மச்சான் கையைக் காட்டித் தடுத்தார். வலது கால் வந்தது, மூக்குக் கால் வந்தது. இடது வரவே இல்லை. மேலாளர் போனைப் பார்ப்பது போல வெளியே நழுவினார்.

கழுவிய கையோடு கிரீஸ் பூச வேண்டும் என்று மச்சான் உத்தரவு போட்டார். என்னிடம் வந்து நின்றார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. நானும் உதவவில்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை.

மார்ச் 24

டாக்டர் தகுதி என்று எழுதிவிட்டார். இந்த முறை தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போதுதான் தூக்கமே இல்லை.

மார்ச் 31, திங்கள்

இன்று பறந்தேன். முதல் ட்ரிப், பக்கத்தில் வாத்தியாரம்மா. நல்ல வானிலை, காற்றும் குறைவு. மேடையை நெருங்கியதும் லீவரைத் தள்ளினேன். தள்ளிய வேகத்தில் மூன்று பச்சையும் எரிந்தன. அவள் உரக்கப் படித்தாள், நானும் திருப்பிச் சொன்னேன். அலுங்காமல் இறங்கினோம். ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள், ஒருவர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

திரும்பக் கிளம்பும் நேரமும் வந்துவிட்டது. வாத்தியாரம்மா என் பக்கம் பார்க்காமல் மெல்லச் சொன்னாள்.

"சார், லீவர்லேர்ந்து கைய எடுக்கலாம்."

எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.