கிளிக்கு எந்தக் கிண்ணம்?

என் பிரியத்துக்குரிய ருக்கு அக்கா,

உங்கள் பேத்தி மாலா இன்று காலையில் தாளில் போட்ட பசுமாட்டுக்குப் பச்சை பூசினாள். மூன்று வயசு இன்னும் நிறையவில்லை. கொம்பிலிருந்து குளம்பு வரை ஒரே பச்சை. அவள் அம்மா, உங்கள் மகள் கோமளா, "மாடு எங்கடி பச்சையா இருக்குது?" என்று அதட்டினாள். "உங்கம்மா இருந்தா உன் வாயைத்தான் மூடியிருப்பாங்க" என்றேன். அவள் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், எனக்கு உங்களோடு பேச வேண்டும் போல் ஆகிவிட்டது. ஒரே வீட்டில் அண்ணனைக் கட்டியவர் நீங்கள், தம்பியைக் கட்டியவள் நான். ஓரகத்திகள் என்றாலே சண்டைக்கோழிகள் என்று ஊர் நினைக்கும். நாமும் குறை வைக்கவில்லை, இல்லையா அக்கா? அம்மிக்கல்லுக்குக்கூடச் சண்டை போட்டிருக்கிறோம்.

தெருக்கோடி வீட்டில் டெலிவிஷன் பெட்டி வந்திருக்கிறது. சாயங்காலமானால் தெருவே அங்கேதான். ஆனாலும் நம் வீட்டுப் பொடிசுகளுக்குப் பகலில் கரித்துண்டும் காலண்டர் தாளும்தான். நீங்கள் பழக்கிவிட்டது அப்படி.

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு தறி வீட்டில் என்ன பாடு பட்டோம்! ஒன்று தறிக்குழியில் இறங்கும், ஒன்று தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலைப் பிடித்து இழுக்கும். மற்ற வீடுகளில் இடுப்பில் பழம்புடவையைச் சுற்றித் தூணில் கட்டிப்போடுவார்கள். நீங்கள் மட்டும்தான் அடுப்புக்கரியை எடுத்தீர்கள். மாங்காய் போட்டு மூக்கு வைத்தால் கிளி. ரெண்டு வட்டம் போட்டால் வாத்து. ஆட்டுக்குட்டிக்குச் சோற்றுப் பசையில் பஞ்சு ஒட்டவேண்டும், யானைக்கு அடுப்புச் சாம்பலைப் பூசவேண்டும். ஒரு குச்சியில் துணி சுற்றிக் கையில் கொடுத்துவிட்டால் வீடு அடங்கிவிடும். இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

என் மகன் வரதனுக்கு அப்போது நாலு வயசு. தறியில் இருக்கும் அப்பாவுக்கு நூல் சுற்றிய தாரை எடுத்துக் கொடுப்பதில் அவனுக்குத் தனிப் பெருமை. அரக்குச் சிவப்பு உடம்பும் பச்சைக் கரையுமாக ஒரு கல்யாணப் புடவை தறியில் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை கேட்டால் அரக்கை நீட்டுவான், அரக்கு கேட்டால் பச்சையை. "நெசவாளி வூட்ல பொறந்துட்டு கலரு தெரியாத மாதிரி நடிக்கிறியாடா?" என்று என் வீட்டுக்காரர் முதுகில் ரெண்டு வைத்தார். பிள்ளை அழக்கூட இல்லை, முழித்தான். குறும்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த வாரம் நீங்கள் பிள்ளைகளுக்குக் கிளி போட்டுக் கொடுத்தீர்கள். அவரை இலையைக் கசக்கி ஒரு கிண்ணம் பச்சை. ஆரத்திக்குக் கரைப்பதுபோல் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஒரு கிண்ணம் சிவப்பு. வரதன் உடம்பு முழுக்கச் சிவப்பும் மூக்குக்குப் பச்சையும் பூசி, கோடு தாண்டாமல் அழகாக முடித்துக்கொண்டு வந்தான். எல்லாப் பிள்ளைகளும் கைகொட்டிச் சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

மறுநாளும் கிளி. கிண்ணங்களை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டு வரதன் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் அடுப்படியில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "சரசு, புள்ள குறும்பு பண்ணலமா. அவன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. இன்னிக்கு பக்கத்துப் புள்ள எந்தக் கிண்ணத்துல தொடுதுன்னு பாத்துக்கினு தொடறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம்புள்ளைக்குக் குறைன்னு சொல்ல வந்துட்டீங்களா?" என்று கத்தினேன். நிறத்தை வைத்துச் சோறு தின்கிற ஊர் இது. நிறம் தெரியாதவன் என்று பேர் வந்துவிட்டால் யார் அவனைத் தறியில் உட்கார வைப்பார்கள்? யார் பெண் கொடுப்பார்கள்? நாலு வயசுப் பிள்ளைக்கு நான் கல்யாணம் வரைக்கும் போய்விட்டேன். நீங்கள் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்து போனீர்கள்.

அடுத்த நாள் மத்தியானம், சாப்பிட எழுந்த என் வீட்டுக்காரரை நிறுத்தினீர்கள். "தம்பி, சோறு எங்கியும் போவாது. புள்ளையோட உக்காந்து ஒரு கிளிக்குக் கலரு போட்டுட்டு வாப்பா." உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். வரதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவன் குச்சியைப் பிடித்துக்கொண்டு ரெண்டு கிண்ணத்தையும் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்தான்.

"கிளிக்கு எந்தக் கிண்ணம்னு நீயே சொல்லுப்பா. நான் எடுத்தா அடிப்ப."

அவர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். சோறு ஆறித்தான் போனது. அதற்குப் பிறகு அவர் கை அவன்மேல் விழுந்ததே இல்லை.

யாரையும் குற்றம் சொல்லாமல், குரலை உயர்த்தாமல், ஒரு தகப்பனுக்கு இப்படிப் புரியவைக்கலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது அக்கா? நானாக இருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். உங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அதோடு விட்டீர்களா? கிளியை ஓரம் கட்டிவிட்டு அணில், புலி, வரிக்குதிரை என்று கரிக்கோட்டிலேயே முடிகிற மிருகங்களாகப் போட்டுக் கொடுத்தீர்கள். புள்ளிமானுக்கு விரலைத் தோய்த்துப் புள்ளி வைக்கச் சொன்னீர்கள். "எந்தக் கலரு வேணா போடுங்க, கோட்டை மட்டும் தாண்டாதீங்க" என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுச் சட்டம் ஆனது. அவன் ஒருத்தன் மட்டும் வேறே என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. அவன் கை படிந்தது அங்கேதான். இன்றைக்குப் புடவைக்கு வேண்டிய உருவங்களைக் கட்டத் தாளில் புள்ளி புள்ளியாக அடைத்துக் கொடுக்கிறான். அந்த வேலைக்கு நிறம் தேவையில்லை, உருவம் தெரிந்தால் போதும்.

நாளைக்கு உங்களுக்கு முதல் வருஷப் படையல். சுமங்கலியாகப் போனவர்களைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டுப் புதுப் புடவை வைப்போமே, அந்தப் புடவை தயார். கரையில் வரிசையாக நடக்கும் யானைகள் வரதன் போட்டவை. நெய்தது அவன் அப்பா.

பாவு போடுவதற்கு முன்னால் அவர் மகனைக் கூப்பிட்டு, "பெரியம்மாவுக்கு என்ன கலரு போடலாம், நீ சொல்லுடா" என்றார். அவனை அடிக்கக்கூடாது என்று இத்தனை வருஷம் இருந்தோம். கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் நிதானமாகத்தான் சொன்னான்.

"மஞ்ச உடம்பு, நீலக் கரை. அது ரெண்டுந்தான் எனக்கு சந்தேகமில்லாம தெரியுதுப்பா. பெரியம்மா பொடவைய நான் முழுசா பாக்கணும்."

படையல் முடிந்ததும் அதை நான்தான் கட்டப்போகிறேன் அக்கா. கட்டிக்கொண்டு நேராக அவன் எதிரில் போய் நிற்பேன். அவன் போதும் என்று சொல்லும்வரை நகரமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் ஓரகத்தி, வரதனின் அம்மா,
சரசு