நான்காம் படி

அக்டோபர் 27, 2025

ஏரி நிறைந்துவிட்டது. நடுவில் நிற்கும் கோபுரத்துக்குப் பரிசல் விடுகிறார்கள். கோடையில் காய்ந்த சேற்றில் நடந்தே போகலாம். அப்போது யாரும் சீண்டுவதில்லை. சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் ஆசை வருகிறது. ராஜகிரி மலைக்கோட்டை ஏறி இறங்கியவர்கள் கால் வலியோடு இங்கேயும் வருகிறார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் கலைச்செல்வி வந்தாள். கரையில் கருங்கல் பலகை வைக்கிறார்களாம். கோபுரத்தின் வரலாற்றைத் தமிழிலும் இங்கிலீஷிலும் நான் எழுதித் தர வேண்டும். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவள், ஒப்புக்கொண்டேன். போகும்போது, "அந்த ராணி கதைய மட்டும் விட்றாதீங்க டீச்சரம்மா," என்றாள்.

அக்டோபர் 30

ஆறு வரி எழுதினேன். கல்வெட்டு இல்லை. கட்டியவர் யார், எப்போது - தெரியவில்லை. அப்படியே எழுதினேன். காவல் பார்க்கக் கட்டியிருக்கலாம். 'லாம்' முக்கியம்.

ஏழாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

ராணி கோபுரத்தில் காத்திருந்தாளாம். போர் முடிந்து வந்த ராஜா பரிசலுக்குக்கூட நிற்காமல் தண்ணீரில் இறங்கிப் போய்க் கைகொடுத்தானாம். அதனால் புதுமாப்பிள்ளைகள் கோபுரத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் நான்காம் படியில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பெண்ணைப் பரிசலில் ஏற்றுகிறார்கள். பட்டு வேட்டி நனைகிறது. போட்டோ எடுக்கிறார்கள்.

ராணியும் இல்லை, ராஜாவும் இல்லை. அது நான்.

நவம்பர் 2

எழுதிவிடுகிறேன். 1974 ஐப்பசி. கல்யாணமாகி இரண்டு மாதம். இவர் என்னைப் பரிசலில் கோபுரத்துக்குக் கூட்டிப்போனார். மேலே நின்று மலைகளைக் காட்டிக்கொண்டே, நான் வேலைக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டதாகச் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று போகலாம் என்று வாக்குக் கொடுத்தவர். பள்ளிக்கூடத்து வேலை உத்தரவு என் பெட்டியில் இருந்தது.

நான் இறங்கவில்லை. தானாக வருவாள் என்று அவர் மட்டும் பரிசலில் கரைக்குப் போனார். தூறியது. பசித்தது. இறங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பரிசல்காரர் துடுப்போடு சாப்பிடப் போய்விட்டார். இவர் மார்பளவுத் தண்ணீரில் நடந்தே வந்தார். நான்காம் படியில் நின்று கையை நீட்டினார்.

"சரி, வேலைக்குப் போ. மொதல்ல எறங்கு."

கரையில் கூடியவர்களிடம், புதுப்பெண்ணை இங்கே இப்படித்தான் அழைத்து வர வேண்டும், ஒரு ராணி காலத்து வழக்கம் என்று சொல்லிவிட்டார். பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்தேன் என்று அந்த நாளில் எந்த ஆண்பிள்ளை சொல்வான்? நானும் வாயைத் திறக்கவில்லை. ஐம்பத்தொரு வருடம். அவர் போயே ஆறு வருடம் ஆகிறது.

நவம்பர் 3

ஊகத்தை உண்மை என்று எழுதிய பிள்ளைகளுக்கு மார்க் குறைத்தவள் நான். பொய்யைக் கல்லில் வெட்ட என் எழுத்தா? மாட்டேன்.

நவம்பர் 9

ராணி போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டுப் பரிசல் ஓட்டும் முருகையன் வந்தான், அன்றைய பரிசல்காரரின் மகன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ராணிய எடுத்துட்டா ஜனங்க இன்னாத்துக்கு வரும் டீச்சரம்மா? கரண்ட் கம்பம் மாதிரி நிக்குது, அத பாக்கவா? எங்க நைனா சொன்ன கதை அது."

"உங்க நைனாவுக்குச் சொன்னதே எங்க வீட்டுக்காரர்தான்."

வேறு வழியில்லை, முழுவதையும் சொன்னேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"துடுப்ப எடுத்துனு சாப்ட போனதுக்கு சாரு கிட்ட பாட்டு வாங்குனன்னு நைனா சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. நீங்க எதுக்கு மேல குந்தினு இருந்தீங்கன்னு மட்டும் சொன்னதே இல்ல."

அவன் அப்பாவுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் ஊருக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 10

இவர் மானம் போகுமா? தண்ணீரில் இறங்கி வந்தவர்தானே. வராமல் இருந்தவர் இல்லையே.

நவம்பர் 12

எழுதிக் கொடுத்துவிட்டேன். ராணி கதை 1974இல் உண்டானது என்றும், எப்படி உண்டானது என்றும் நான்கு வரி. கலைச்செல்வி இரண்டு தடவை படித்தாள். பேர் போட்டே ஆக வேண்டுமா என்று கேட்டாள். பேரும் தேதியும் இல்லாவிட்டால் இதுவும் கட்டுக்கதைதான் என்றேன்.

"சாரை ரொம்ப சாதுன்னு நெனச்சிருந்தேன்."

"சாதுதான். அன்றைக்கு ஒரு பகல் தவிர."

டிசம்பர் 14

பலகை வைத்தாயிற்று. எங்கள் பேர் இருக்கிறது: மீனம்பாள், ராஜாங்கம். பக்கத்துப் பக்கத்தில்.

டிசம்பர் 29

ஒரு ஜோடிகூட வரவில்லையாம். முருகையன் என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறான். மார்கழியில் யார் கல்யாணம் செய்வார்கள்? தை பிறக்கட்டும். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

தை பிறந்த பிறகும் வராவிட்டால்?

பிப்ரவரி 1, 2026

முருகையனே வந்து கூப்பிட்டான். பரிசலில் போனேன். முட்டி வலி, மேலே ஏறாமல் முதல் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

கூடவே அவலூர்பேட்டை ஜோடி ஒன்று. அந்தப் பெண் கரையில் பலகை முழுவதையும் படித்துவிட்டுத்தான் பரிசலில் ஏறினாள். கோபுரத்தைப் பார்த்து முடித்ததும் பையன் வேட்டியை மடித்துக் கட்டி, நான்காம் படியில் நின்று சிரித்தபடி கையை நீட்டினான். அவள் கையைக் கொடுக்கவில்லை. குனிந்து ஏதோ கேட்டாள். அவன் சிரிப்பு நின்றது. யோசித்தான். தண்ணீர் இடுப்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு முருகையன் காத்திருந்தான்.