அச்சு அசல் நாலு கம்பி

14 மார்ச் 1979

காலை கூவப்பாடம் ஓடையில் மருந்தடிப்பு. எதிரி தரப்பில் சுமார் நாற்பது கோடி கொசுக்கள் வீரமரணம். எம் தரப்பில் சேதம் ஒரு செருப்பு.

மாலையில் எங்கள் கானமேளா பாட்டுக் குழுவின் ஒத்திகை. புது பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டினேன். கிட்டாரா அது? கம்பி கட்டிய கப்பைக்கிழங்கு. ஒரு தட்டு தட்டினால் சத்தம் நின்று தொலைக்காமல் வைப்பின் தீவு வரை இழுத்துக்கொண்டே போகிறது. என் பழையது அப்படியா? 'தும்' என்று ஒரு சொல். சொன்னால் சொன்னதுதான். அதைக் கேட்டுத்தான் மட்டாஞ்சேரியில் சூரியனே எழுந்துகொண்டிருந்தான்.

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காக: சங்கிலிப்பாண்டியாகிய நான் பகலில் கார்ப்பரேஷன் கொசு மருந்து சேனாதிபதி, ராத்திரியில் நாலு கம்பிச் சக்கரவர்த்தி. கச்சேரி கேட்க வருகிறவர்கள் "ரெண்டு கம்பி அறுந்துபோச்சா சேட்டா?" என்று துக்கம் விசாரிப்பார்கள். மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதவன் ஒருத்தன்தான் - எங்கள் அக்கார்டியன் ராஜன்.

இன்றும் அவனே ஆரம்பித்தான். "புது மாடல்டா பாண்டி, இன்னும் என்னடா வேணும் ஒனக்கு?"

என்ன வேணுமா? ரெண்டு வருஷம் முந்தி வைப்பின் படகு ஜெட்டியில், படகிலிருந்து சாமான் இறக்கும்போது ஒரு கையில் தன் அக்கார்டியன், மறு கையில் என் பேஸ். கால் வழுக்கியது. ஒன்றை விட்டால்தான் படகின் கைப்பிடியைப் பிடிக்கலாம். யோசித்திருக்கிறான் பாவி. யோசித்துத்தான் என்னுடையதை விட்டான். மறுநாள் முங்கி எடுத்தபோது கழுத்து வாழைப்பழம் மாதிரி வளைந்து, உள்ளே உப்புத்தண்ணி, ஒரு நண்டு.

அதுதான் வேணும். அதே மாதிரி ஒன்று. அச்சு அசலாக.

இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான். தங்கை பாக்கியலக்ஷ்மி மலையாளப் பள்ளிக்கூடம். ஆகவே இந்த டைரிக்குப் பூட்டு கிடையாது. இன்றைய மீன்குழம்பு அரபிக்கடலை விட உப்பு.


22 ஏப்ரல் 1979

முகமது இஸ்மாயிலின் கடையில் மாநாடு. ரேடியோ ரிப்பேர், ஆம்ப்ளிஃபயர் வாடகை. பூமியில் பழைய பேஸின் அருமை தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே சாயா.

இஸ்மாயில் மறுபடி அந்த ரகசியத்தை விளக்கினான். கம்பி போய் முடிகிற இடத்தில் ஒரு நிக்கல் மூடி. மூடிக்கு உள்பக்கம் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அது கம்பியை லேசாக அமுக்கிப் பிடித்திருக்கும். சத்தம் உருண்டையாக விழுந்து உடனே அடங்கும். "இப்பத்த மாடல்ல மூடியும் இல்ல, ஸ்பாஞ்சும் இல்ல. இதுக்குப் பேரு முன்னேற்றமாம்" என்று காறித் துப்பினான்.

கம்பெனிக்கே கடிதம் எழுதினோம். அவன் இங்கிலீஷ், என் கம்பீரம். 'ஐயா, அறுபத்துமூன்றாம் வருஷ மாடலை மறுபடி செய்யவும். ஒரு திருகும் மாற வேண்டாம். புதிய யோசனைகள் ஏதும் இருந்தால் தங்களிடமே வைத்துக்கொள்ளவும்.'

செத்துப்போன என் பேஸில் மிச்சம் அந்த மூடி ஒன்றுதான். பாக்கியம் அதில் சோப்பு வைக்கிறாள். ராஜகிரீடத்தில் லைஃப்பாய்.


3 செப்டம்பர் 1979

அமெரிக்காவிலிருந்து பதில். புது மாடலின் கலர்ப் படம் அனுப்பியிருக்கிறார்கள்.


11 ஜனவரி 1981

ராஜன் துபாய்க்குப் போகிறான். குழு கிட்டத்தட்ட கலைந்த மாதிரிதான். சொல்லிக்கொள்ள வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அந்த பேஸ் சங்கதி... இன்னும் கோவமாடா?"

"கோவமா? எனக்கா? மன்னிச்சு ஏழு யுகம் ஆச்சுடா."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் தெருமுக்கு திரும்பியதும் வாசலில் நின்ற வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டேன். கொசு வருமே என்று.

மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன். மன்னிக்கவில்லை.


19 ஜூன் 1983

கொட்டுகிற மழையில் இஸ்மாயில் சட்டைக்குள் ஒரு புத்தகத்தைச் செருகிக்கொண்டு ஓடி வந்தான். கப்பல்காரன் யாரோ விட்டுப்போன சங்கீதப் பத்திரிகை. "பாண்டி! செய்றாங்கடா! பழசை மறுபடி செய்றாங்க!"

படம். அதே உடம்பு. அதே பழுப்பு. அதே மூடி! கீழே எழுதியிருக்கிறதாம், பழைய வரைபடம் தேடியெடுத்து, பழைய மாதிரியே. நம்முடைய கடிதம்தான் என்றேன். வேறு யார் எழுதியிருப்பார்கள்? எங்கள் மழையில் நனைந்த தபால் அமெரிக்காவைக் கலக்கியிருக்கிறது.

விலையையும் பார்த்தோம். அப்புறம் ரெண்டு பேரும் மழையைப் பார்த்தோம்.


8 டிசம்பர் 1984

ராஜன் வந்திருக்கிறான். தோப்பும்படியில் மாடி வீடு. ஆள் ரெண்டு சுற்று பெருத்து, கழுத்தில் சங்கிலி. பேரில் மட்டும் சங்கிலி வைத்திருக்கிற நான் போய் நின்றேன். கூப்பிட்டனுப்பியிருந்தான்.

கட்டில் மேல் ஒரு நீளப் பெட்டி. திறந்தான்.

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. எனக்கே!

"அதே கம்பெனி. பழைய மாடலை மறுபடி பண்ணினதாம். துபாய்க் கடைக்காரன் சத்தியம் பண்றான். எனக்கென்ன தெரியும்? ஒன் காதுதான் காது. பார்த்துச் சொல்லு பாண்டி, அதேதானா?"

தொட்டேன். கழுத்து என் கைக்காகவே செதுக்கியது. மூடியைக் கழற்றினேன் - உள்ளே ஸ்பாஞ்ச். ஒரு தட்டு. தும். ஏழு வருஷமாக என் காதுக்குள் செத்துக் கிடந்தது எழுந்து உட்கார்ந்தது.

என் பேஸைத் தண்ணியில் போட்டவன் கட்டிலில் இது கிடக்கிறது. டூ-இன்-ஒன் ரேடியோவுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டுவான். வருகிறவனிடமெல்லாம் விலை சொல்வான். வாசிக்கவா போகிறான்?

வாயைத் திறந்தேன். "இதுவா? சிங்கப்பூர்ல மாம்பழப்பெட்டிப் பலகையில அடிச்சதுடா. டூப்ளிகேட். அதுக்கும் இதுக்கும் கடல் தூரம். அந்த சத்தம் கேட்டா தேவேந்திரன் இறங்கி வருவான், இதைக் கேட்டா ஓடைத் தவளைகூட திரும்பிப் பார்க்காது. ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்."

ராஜன் பெட்டியை மூடினான். "சரி" என்றான். "நல்லவேளை கேட்டேன்."


9 டிசம்பர் 1984

கணக்கு சரியாக இருக்கிறது. டூப்ளிகேட்டை சுவரில் மாட்டக் கூச்சப்படுவான். எடைக்குப் போடுகிற மனநிலைக்கு வரட்டும். அப்போது போய் "சரி, சும்மாதானே கிடக்கு, கொடு, நான் வச்சுக்கறேன்" என்று பெருந்தன்மையாக - ஆகா. சாணக்கியன் இருந்தால் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்திருப்பான்.


16 டிசம்பர் 1984

ராஜனே வந்தான். எனக்கென்று ஒரு ஃபாரின் கம்பளி, ஒரு சென்ட் பாட்டில். கொச்சியில் கம்பளி! போர்த்தினால் அவிந்துபோவேன்.

பெட்டி என்ன ஆயிற்று என்று போகிற போக்கில் கேட்டேன். மச்சினன் குழந்தைசாமிக்குக் கொடுத்துவிட்டானாம், பள்ளுருத்தியில் அவன் கானமேளா குழுவில் இருக்கிறான். "டூப்ளிகேட்தானே, போகட்டும்."

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். நாளைக்கு விமானம்.


20 ஜனவரி 1985

சென்ட் வாசனைக்கு மட்டாஞ்சேரிக் கொசு எல்லாம் என் படுக்கைக்குக் குடிவந்துவிட்டது. வேறு விசேஷமில்லை.


7 பிப்ரவரி 1985

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

இஸ்மாயில் பள்ளுருத்திக்கு ஆம்ப்ளிஃபயர் வாடகைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே குழந்தைசாமியிடம் அந்த பேஸைப் பார்த்திருக்கிறான், பிரித்தே பார்த்திருக்கிறான். நேரே இங்கே வந்தான். உட்காரவில்லை.

"ஒனக்குக் கண்ணு போச்சா, மனசு போச்சா?"

"என்னடா?"

"அது அசல்டா. பத்திரிகையில போட்ட அதே சாமான். நீ பார்த்தே, தொட்டே, வாசிச்சே. ஒனக்குத் தெரியாம இருக்காது."

நான் தேவேந்திரன், தவளை என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"நிறுத்து. அது யாருக்கு வாங்கினதுன்னு தெரியுமா? ஒனக்கு. கொண்டுவந்த அன்னிக்கே ராஜன் எங்கிட்ட சொன்னான், பாண்டிகிட்ட சொல்லாதேன்னான். அவனுக்கு அந்தப் படகு ஜெட்டி மறக்கலடா. 'டூப்ளிகேட்னா எப்படி அவன் கையில கொடுப்பேன், மறுபடி அவன ஏமாத்தின மாதிரி ஆயிடும்' - அதுக்குத்தான் ஒன்னையே கேட்டான். நீ சொன்னதுக்கு அப்புறம் அலைஞ்சு திரிஞ்சு அந்தக் கம்பளிய வாங்கிட்டு வந்தான். வெறுங்கையோட வரக் கூச்சப்பட்டு."

"நீ ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீ பொய் சொல்லுவேன்னு எனக்கெப்படித் தெரியும்? டூப்ளிகேட்னு நீ சொன்னா நான் நம்பிட்டேன். பேஸ் விஷயத்துல நீ பொய் சொன்னதே இல்லையே. மத்த எல்லாத்துலயும் சொல்லுவே. அதுல இல்ல."

சாயா போடவா என்று பாக்கியம் கேட்டாள். அவன் நிற்கவில்லை.

அட போடா. என்ன எழுத. நாற்பது கோடி, ஏழு யுகம், தேவேந்திரன்... வாயாடா அது?


2 மார்ச் 1985

ராஜனுக்கு எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள ராஜனுக்கு' வரைக்கும் வந்தது. என்னவென்று எழுத? கிழித்தேன்.


24 மார்ச் 1985

பள்ளுருத்தியில் உற்சவம். கூட்டம் வருமுன் மைதானத்தைச் சுற்றி மருந்தடிக்க எங்களை அனுப்பினார்கள். மேடையில் மத்தியானமே குழந்தைசாமி குழு சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தது. மருந்துப் பம்பு முதுகில் இருக்க அப்படியே ஏறிப் போனேன்.

சிவப்பு. பேஸ் முழுக்க மீன்பிடி வள்ளத்துக்கு அடிக்கிற எனாமல் சிவப்பு. வயிற்றில் வெள்ளையில் குழுவின் பெயர், பக்கத்தில் ஒரு தாமரை.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"டூப்ளிகேட் அல்லே சேட்டா?" குழந்தைசாமிக்கு ஒரே சந்தோஷம். "அசலா இருந்தா தொடுவேனா? ராஜன் அளியன் சொன்னாரு, நீங்களே பார்த்துச் சொன்னீங்கன்னு. கலர் எப்படி இருக்கு?"

"மூடி எங்கே?"

"அந்தத் தகரமா? பீடிச் சாம்பல் தட்ட வச்சிருந்தோம். எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான். உள்ள இருந்த ஸ்பாஞ்சு பாத்திரம் தேய்க்கப் போச்சு."

வாசித்துக் காட்டினான். நல்ல கை. சத்தம் மட்டும் நிற்காமல் இழுத்துக்கொண்டு போயிற்று, கப்பைக்கிழங்கு மாதிரி.

"நல்லா இல்லையா சேட்டா?"

பம்பு கனத்தது. இறங்கி வந்துவிட்டேன்.


25 மார்ச் 1985

காலையில் பாக்கியம் குளித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். சோப்பை எடுத்துக் கீழே வைத்தேன். மூடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எட்டு வருஷத்து சோப்புக் கறை, போகிறவரை தேய்த்தேன். பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு அறுத்து உள்ளே ஒட்டினேன்.

பள்ளுருத்தி பஸ்.

குழந்தைசாமி நேற்றைய கச்சேரி அலுப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேஸை எடுத்துவந்தான். மூடியை வைத்தேன். திருகு ஓட்டை ஒவ்வொன்றும் நேருக்கு நேர் வந்து நின்றது. இம்மி பிசகவில்லை. இருபது வருஷ வித்தியாசம், இடையில் ஒரு கடல், ஒரு காயல். அப்படியே உட்கார்ந்தது. கம்பெனிக்காரன் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறான்.

அவன் தட்டினான்.

தும்.

குழந்தைசாமி கையை எடுத்துவிட்டு மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சேட்டா, இது கொள்ளாமே, நல்லா இருக்கே! அசல்லயும் இப்படித்தான் கேக்குமோ?"

"இப்படித்தான்."

"அப்ப டூப்ளிகேட்டுக்கும் அசலுக்கும் என்ன வித்தியாசம்?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன். பஸ் வரவில்லை.


26 மார்ச் 1985

கூவப்பாடம் ஓடை. கொஞ்சம் கொசு செத்தது.

பாக்கியம் சோப்பைச் சிரட்டையில் வைத்திருக்கிறாள். பழைய டப்பா எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றேன்.